வீட்டில் ஆள் உண்டு

ரீனோ நகரத்தில், கார் டயர் மாற்றும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்த ஃபோர்துனாத்தோ கால்மோவின் மீது கீழ்க் கடைக்காரருக்கு ஆரம்பத்தில் பெரிய சந்தேகம் இருந்தது. ஐம்பத்தாறு வயது ஆள். தேடிக்கொண்டு ஒரு ஈ காக்கை வருவதில்லை. ஆனால் காலை ஏழு மணி தொடங்கி மாலை நாலு மணி வரை மேலே பேச்சுச் சத்தம் ஓயாது. அதுவும் என்ன பேச்சு! "எனக்கு நாலு நாளா வயித்துப்போக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவனைக் குத்தல, நீதிபதி அய்யா." அதற்கும் அரை மணி கழித்து, அதே கட்டைக் குரலில், "எனக்கு இது அஞ்சாவது மாசம்."

கடைக்காரர் செரஃபின் எல் சல்வதோர் ஆசாமி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஒருநாள் படியேறி வந்து கதவைத் தட்டியே விட்டார்.

"ஏன் அண்ணே, அஞ்சாவது மாசமாமே? ஒரு வார்த்தை சொல்லலியே! உப்பு போட்டு மாங்கா வாங்கிட்டு வரட்டுமா?"

ஃபோர்துனாத்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் சிரிப்பு வந்து எத்தனையோ காலம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் காட்டி, தன் பிழைப்பைச் சொன்னார். எங்கள் மலைச்சனங்களின் பழைய பேச்சான மாம் மொழியும் ஆங்கிலமும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். எங்கேயோ ஒரு மருத்துவமனையில், எங்கேயோ ஒரு நீதிமன்றத்தில், எங்கள் மலைக்காரர் யாராவது வாயடைத்து உட்கார்ந்திருந்தால் இவருக்குப் போன் வரும். அவர்கள் சொல்வதை இவர் ஆங்கிலத்தில் சொல்வார், அங்கே சொல்வதை மாம் மொழியில் சொல்வார். "அவங்க சொல்றாங்க" என்று சொல்லக்கூடாது. "நான்" என்றே சொல்ல வேண்டும். அது விதி. பேர் சொல்லக்கூடாது, 4417 என்ற எண் மட்டும்தான். தன் சார்பில் ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

"அப்போ உங்க சொந்தப் பேச்சை எப்பதான் பேசுவீங்க?" என்றார் செரஃபின்.

"இப்ப பேசிக்கிட்டு இருக்கேனே."

"போச்சு போங்க" என்று செரஃபின் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு மாடிப்படியில் பார்த்தால், "என்ன, இன்னிக்குக் கொலையா பிரசவமா?" என்று கேட்பார். அவ்வளவுதான் ஃபோர்துனாத்தோவின் சொந்தபந்தம்.

நாங்கள் இருக்கும் ஓக்லாந்தில் எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு மாம் காதில் விழும். இந்த மனுஷன் எதற்கு ரீனோவில் போய் ஒண்டியாகக் கிடக்கிறார் என்று நாங்களும் கேட்டுப் பார்த்துவிட்டோம். சூதாட்ட விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவ வந்தவர். மனைவி எவுலாலியா அதே விடுதியில் படுக்கை மாற்றினாள். அவள் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். அவளை விட்டுவிட்டு நான் எப்படி வர, என்பார். ஒரே மகன் வில்மர் டெக்சாசில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், ஆங்கிலத்தில். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி அவனிடம் மாம் மொழியே பேசாமல் வளர்த்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தானாகச் செய்துகொண்ட வினை. இப்போது மகனிடம் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியதும் அவருக்குப் பேச்சு தீர்ந்துவிடும்.

அந்த அஞ்சாவது மாதக்காரிதான் தொமாசா.

மினசோட்டாவில் பிளம் ரிவர் என்றொரு கவுண்டி, அதாவது மாவட்டம். பெரிய பன்றி இறைச்சி ஆலை, அதைச் சுற்றி ஒரு ஊர். வியாழக்கிழமை தோறும் அங்கே பத்து மணிக்கு, ரீனோவில் எட்டு மணிக்கு, கவுண்டியின் தாய்சேய் நல விடுதியிலிருந்து போன் வரும். டார்லா என்ற செவிலி. அவளுக்குப் பக்கத்தில் தொமாசா. குரலைக் கேட்ட முதல் நாளே ஃபோர்துனாத்தோ கண்டுபிடித்துவிட்டார்: தோதோஸ் சாந்தோஸ் என்ற சொந்த ஊரில் தன் வீட்டுக்கு எதிர்மலை. அந்த மலைக்காரர்கள்தான் வார்த்தையைக் கடைசியில் இப்படி இழுத்துவிடுவார்கள். முப்பது வருஷமாகக் கேட்காத இழுப்பு. ஆனால் "எந்த ஊரும்மா?" என்று கேட்க விதி இல்லை. எங்கள் ஆட்கள் ஊரும் அப்பன் பேரும் கேட்காமல் வாயைத் திறக்கவே மாட்டார்கள். திறந்தால் அவன் மனுஷனே இல்லை என்பார்கள். இவர் மாதக்கணக்கில் திறந்தார்.

தப்பு நடந்தது அந்த முதல் நாளில்தான்.

டார்லா கையில் ஒரு தாள். நாற்பது கேள்வி. நல்ல பெண்தான், ஆனால் வெளியே இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். வேகவேகமாகக் கேட்டுக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் எதிரே கேள்வி கேட்டால், முதலில் "ஆமா" என்று போட வேண்டும். காதில் வாங்கிக்கொண்டேன், யோசிக்கிறேன் என்று அர்த்தம். பிறகு கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பதில். கேட்ட மாத்திரத்தில் பட்டென்று பதில் சொல்கிறவளை வாயாடி என்பார்கள். புகை பிடிப்பீர்களா என்றதற்கு தொமாசா, "ஆமா... இல்லீங்க" என்றாள். ரத்தக்கொதிப்பு உண்டா என்றதற்கும், "ஆமா... தெரியலீங்க."

"பிரசவத்துக்கு அப்புறம் பாத்துக்க வீட்ல ஆள் இருக்கா?"

"ஆமா" என்றாள் தொமாசா. சும்மா இருந்தாள்.

ஃபோர்துனாத்தோ அந்தச் சும்மாவைக் கேட்டார். நீளமான சும்மா. அதற்குப் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், டார்லா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, "ஆமாம்" என்றுவிட்டார். டார்லா 'உண்டு' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள். "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்கிறார்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்தின வாரம்தான் மொழிபெயர்ப்புக் கம்பெனி மேற்பார்வையாளர் இவோன் கூப்பிட்டுக் கண்டித்திருந்தாள்: "4417, நீங்க ரொம்ப விளக்கம் கேக்கறீங்க. சொன்னதை மட்டும் சொல்லுங்க." சொன்னதை மட்டும் சொன்னார். கம்பெனி கணக்குப்படி அன்றைக்கு அவர் வேலை அப்பழுக்கில்லாதது.

ஜனவரியில், ஏழாவது மாதத்தில், டார்லா யாரோ கூப்பிட்டு வெளியே போனாள். லைன் திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அய்யா" என்றாள் தொமாசா. "இருக்கீங்களா?"

ஃபோர்துனாத்தோவுக்கு விதி தெரியும். நோயாளியோடு தனியாகப் பேசக்கூடாது. பேசினால் வேலை போய்விடும். எல்லாம் பதிவாகிறது.

"இருப்பீங்க. எனக்குத் தெரியும். மூச்சு கேக்குது" என்று அவள் சிரித்தாள். "நீங்க எந்த ஊருங்க அய்யா? எங்க அம்மா மாதிரி பேசறீங்க. இங்க எனக்குப் பேசறதுக்கு யாரும் இல்லை. எங்க வீட்டுக்காரரைப் பனிக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடியே பிடிச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. சித்தி மக இருந்தா, அவளும் அலபாமா போயிட்டா. நான் இருக்கிற வீட்ல நாலு ஆம்பளைங்க. வேற தேசம். நல்லவங்கதான். எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. வலி வந்தா நான் யாரைக் கூப்பிட? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒருத்தர் பேரும் வரல." நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. "இருக்கீங்களா அய்யா?"

அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் மூச்சுச் சத்தம்கூடப் போகாதபடி பொத்தானை அமுக்கிவிட்டார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. டார்லா திரும்பி வந்ததும் பொத்தானை எடுத்துவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் தயார்" என்றார். தாளில் 'உண்டு' அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் அடுப்பில் வைத்த பீன்ஸ் தீய்ந்து கரியாகி, கீழேயிருந்து செரஃபின் கத்தியபிறகுதான் எழுந்து அணைத்தார்.

பிப்ரவரியில் டார்லா குரலில் ஒரு களைப்பு. "இந்த லைன் இன்னும் எத்தனை நாளோ" என்றாள் ஒருநாள், தொமாசாவிடம். கவுண்டிக்கு ஆங்கிலமே ஆட்சிமொழி என்று தீர்மானம் வரப்போகிறது. வந்தால் போர்டு, அறிவிப்பு, படிவம், போன் எல்லாம் ஆங்கிலம். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். "நீங்க வந்து பேசறீங்களா? இந்த லைனை யார் உபயோகப்படுத்தறாங்கன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்."

"ஆமா" என்றாள் தொமாசா. சும்மா இருந்தாள். இந்த முறை ஃபோர்துனாத்தோ வாயைத் திறக்காமல் காத்திருந்தார். "வர்றேங்க" என்றாள்.

மாம் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியில் மூன்றே பேர். ஒருத்தி லீவில் இருந்தாள், இன்னொருவர் ஏதோ நீதிமன்றத்தில். செவ்வாய்க்கிழமை காலை போன் இவருக்கே வந்தது. பிளம் ரிவர் கவுண்டி கூட்ட அறை. மேஜை மேலே ஒலிபெருக்கிப் போன். கவுண்டிச் சபையின் ஐந்து உறுப்பினர்கள், தலைவர் மெர்லின் ஃபாஸ். அவள் முறை வரும்வரை லைனிலேயே இருங்கள் என்றார்கள். இருந்தார். முக்கால் மணி நேரம் ஒரு ஊரே பேசுவதை, முகம் தெரியாமல், ரீனோவில் ஜன்னலை மூடிக்கொண்டு கேட்டார்.

வெர்லின் ஹூக்ஸ்ட்ரா என்றொரு கிழவர் பேசினார். சண்டைக்கு வந்த குரல் இல்லை. "எங்க பாட்டன் டச்சு பேசிக்கிட்டுத்தான் வந்தார். அவருக்காக யாரும் போன்ல ஆள் வைக்கல. கத்துக்கிட்டார். நான் யாரையும் வெறுக்கறவன் இல்லைங்க. போன வருஷம் என் வீட்டுக்காரி போயிட்டா. காலையில ரொட்டிக் கடைக்குப் போறேன். முன்னாடி ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவேன். இப்ப கடையில வேற தேசத்துப் பொண்ணு. அது சிரிக்குது, நான் சிரிக்கிறேன், காசைக் குடுத்துட்டு வந்துடறேன். வீட்டுக்கு வந்தா சுவருதான். ஒரு ஊருன்னு இருந்தா ஒருத்தரோட ஒருத்தர் பேச ஒரு பாஷை வேணாமா? இல்லாட்டி எதுக்குங்க ஊரு?"

ஒரு பள்ளி ஆசிரியை எழுந்தாள். பாஷை கற்றுக்கொள்ள வருஷக்கணக்காகும், நோய் அதுவரை காத்திருக்குமா என்றாள். அடுத்து ஒருவர், "அட, ஆங்கிலத்துக்குக் கீழ ஸ்பானிஷ்லயும் போட்டுடுங்க, வந்தவங்க எல்லாருக்கும் புரிஞ்சிடும், பிரச்சனை முடிஞ்சது" என்றார். கைதட்டினார்கள். ஃபோர்துனாத்தோ தலையில் அடித்துக்கொண்டார். எல்லாருக்குமாம்! சிறுவயதில் மாம் பேசியதற்காகப் பள்ளிக்கூட முற்றத்தில் சரளைக்கல் மேல் மண்டியிட்டவர் அவர். எங்கள் நாட்டில் ஆட்சிமொழி ஸ்பானிஷ். தொமாசா பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. அவளுக்கு ஸ்பானிஷில் தெரிந்தது எண்களும் சந்தையில் பேரம் பேசுவதும் மட்டும்தான். இந்த அறையில் இரண்டு மொழிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அவள் இரண்டுக்கும் வெளியே, குளிர்க் கோட்டுப் பொத்தான் வயிற்றுக்கு எட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

இந்தச் சட்டம் வேண்டும் என்கிறவர்கள் மேல் ஃபோர்துனாத்தோவுக்குப் பெரிய கோபம் எதுவும் வரவில்லை. அந்தக் கிழவர் சொன்னதில் பாதி அவருடைய கதை. ஆட்சிமொழி என்று ஒன்று வந்தாலும் ஆட்கள் கற்றுக்கொண்டு பிழைத்துவிடுவார்கள், அவரே பிழைத்திருக்கிறாரே, அதுவும் இரண்டு தரம். ஆனால் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் நடுவில் ஒரு காலம் கிடக்கிறது. அந்தக் காலத்தில்தான் பிள்ளை பிறக்கிறது, சாவு வருகிறது, தாளில் கோடு போடுகிறார்கள். அதை யாராவது எழுந்து சொல்வார்களா என்று பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை.

"அடுத்தது, தொமாசா... இந்தப் பேரை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, மன்னிச்சுக்கங்க" என்றார் தலைவர் ஃபாஸ். "மொழிபெயர்ப்போட சேர்த்து மூணு நிமிஷம்."

அதாவது ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில், வீட்டில் எனக்கு ஆளில்லை என்று அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எதிரே டார்லா உட்கார்ந்திருக்கிறாள். தாளில் இருக்கும் பொய் அந்தக் கணமே அழிந்துவிடும். சொல்லிவிடு தாயே, முதலில் அதைச் சொல்லிவிடு என்று ஃபோர்துனாத்தோ கைகளைப் பிசைந்தார்.

தொமாசா எழுந்து நின்றாள். எங்கள் ஊரில் ஒரு சபைக்கு முன்னால் நின்றால் எப்படித் தொடங்க வேண்டுமோ அப்படித் தொடங்கினாள்.

"பெரியவங்களே, நல்லா விடிஞ்சுதுங்களா? வீட்ல எல்லாரும் சுகமா? பிள்ளைங்க சுகமா, ஆடுமாடு சுகமா? உங்க நிலத்துல பனி கரைஞ்சிருச்சா, இந்த வருஷம் விளைச்சல் நல்லா இருக்கணும்."

மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் சொல்லும்போது அவருக்கே அது கூட்டத்தில் சம்பந்தமில்லாமல் ஒலித்தது. யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"நீங்க பேசிக்கிட்டு இருக்கறப்போ குறுக்க வந்து நிக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்க. முன்னாடி பேசின பெரியவர் வீட்டுக்காரம்மா போயிட்டாங்கன்னு பக்கத்துல சைகையில சொன்னாங்க. எனக்கு வருத்தமா இருக்குங்க அய்யா. அவங்க போன பாதை வெளிச்சமா இருக்கட்டும்."

இதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. உபசாரத்தை விழுங்கிவிட்டு, இவளுக்கு யாருமில்லை அய்யா என்று தானே சொல்லிவிடலாமா? அவள் வாயில் இல்லாததை 'நான்' என்று சொல்வதா? இந்தப் பதினொரு வருஷ வேலையில் ஒருதரம்கூடச் செய்ததில்லை.

"நான் தொமாசா. எங்கப்பா மத்தேயோ, எங்கம்மா ஹுவானா. எங்க ஊரு மலைக்கு மேல, தேவாலயத்துக்குக் கிழக்கால. அங்கிருந்து வந்திருக்கேன். உங்க ஊர்ல எனக்கு நிழல் குடுத்தீங்க, அதுக்கு முதல்ல நன்றி சொல்லணும். நான் சொல்ல வந்தது என்னன்னா..."

மணி அடித்தது.

"நன்றிம்மா, நேரம் முடிஞ்சது" என்றார் ஃபாஸ். கடுமை இல்லை. எல்லாருக்கும் அடித்த மணிதான்.

"மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்" என்றார் ஃபோர்துனாத்தோ. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "இன்னும் முடியலிங்க. இப்பத்தான் ஆரம்பிச்சாங்க. அப்புறம், ஒரு தப்பு நடந்திருக்கு, நான்தான்..."

"அய்யா, நீங்க இந்தக் கவுண்டியில குடியிருக்கறவரா?"

"இல்ல."

"அப்ப இங்க நீங்க பேச முடியாது. உங்க சேவைக்கு நன்றி. பெக்கி, லைனை எடுத்துடும்மா."

பெக்கி பொத்தானைத் தேடுவது கேட்டது. இதுவா, இது இல்லையே, என்று முணுமுணுத்தாள். சில நொடிகள். ஆங்கிலத்தில் அந்த ஐந்து பேரிடம் கத்தலாம், அல்லது அவளிடம் பேசலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய நேரமில்லை.

"அம்மா தொமாசா" என்றார் மாம் மொழியில். "என் பேரு ஃபோர்துனாத்தோ கால்மோ. எங்கப்பா பாஸ்குவால். உங்க எதிர்மலை. அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்போ நான் இருந்தேன். வலி வந்தா என்னைக் கூப்பிடுங்க." தன் போன் எண்ணைச் சொன்னார், எண்களை மட்டும் எங்கள் ஆட்கள் சொல்வதுபோல ஸ்பானிஷில், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் அவள் குரல் வந்தது: "ஆமா... ஆமா... ஆமா..." பத்தாவது எண்ணுக்கு 'ஆமா' வருவதற்குள் லைன் போய்விட்டது.

அவள் கையில் பேனா இருந்திருக்காது. இருந்தாலும் எழுதத் தெரியாது.

தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியதை அந்த ஊர்ப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை இவோன் கூப்பிட்டாள். பதிவைக் கேட்டிருக்கிறாள். "பதினொரு வருஷம், ஃபோர்துனாத்தோ" என்றாள். முதன்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது வேலையை விட்டு நீக்கும்போதுதான்.

தாய்சேய் விடுதிக்கு அவரே போன் செய்தார். டார்லா இல்லை, மாற்றிவிட்டார்கள். வேறொரு பெண் எடுத்தாள். தொமாசா என்ற கர்ப்பிணிக்கு வீட்டில் ஆளில்லை, தாளில் தப்பாக இருக்கிறது என்றார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு அவர் நாக்காக இருந்திருக்கிறார்! யாருக்கு என்ன வேணும்? ஒரு சொந்தமும் இல்லை.

"சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட எதையும் பேசவும் மாட்டோம், எழுதிக்கவும் மாட்டோம் அய்யா" என்று வைத்துவிட்டாள்.

கீழே செரஃபின் கடையில் ரசீது எழுதும் வேலைக்குப் போனார். "வாங்கண்ணே, இங்க உங்க இஷ்டத்துக்குப் பேசலாம்" என்றார் செரஃபின். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. அறை இப்போது நாள் முழுக்க ஊமையாகக் கிடந்தது. 'நான்', 'எனக்கு' என்று ஒருநாளைக்கு ஆயிரம் தரம் சொன்ன வாய். அதெல்லாம் அடுத்தவர்களுடையது என்பது அந்த வேலை போனபிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எவுலாலியாவின் கல்லறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மாம் மொழியில் அவர் பேச்சைக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள், அவளும் மண்ணுக்கடியில்.

போனை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை. ஏப்ரல் பத்து போனது. பதினைந்து போனது. அவர் கணக்குப்படி பன்னிரண்டோடு நாள் முடிந்துவிட்டது. டயர்க் கடைச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று மார்போடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "என்னண்ணே, பொண்ணு கிண்ணு பாத்துருக்கீங்களா?" என்று செரஃபின் சீண்டினார். முகத்தைப் பார்த்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. ஒரு லாரியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சட்டைப்பை அதிர்ந்தது. மினசோட்டா எண்.

"இங்க மருத்துவமனையிலிருந்து பேசறோம்" என்றது ஒரு பெண் குரல், அவசரமாக, ஆங்கிலத்தில். "பிரசவ வலியோட ஒரு அம்மா தனியா நடந்தே வந்திருக்காங்க. கவுண்டி லைனை நிறுத்திட்டாங்க. எங்ககிட்ட ஸ்பானிஷ் ஆள்தான் இருக்கு, அவங்களுக்கு அது புரியல. என்ன கேட்டாலும் ஸ்பானிஷ்ல பத்து நம்பரை மட்டும் வரிசையா சொல்லிக்கிட்டே இருக்காங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க. அது போன் நம்பரா இருக்குமோன்னு போட்டுப் பாத்தோம்."

ஃபோர்துனாத்தோ பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக, ஐந்து வாரமாக, எழுதத் தெரியாதவள் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆலையில் பன்றித் தொடை வெட்டும்போதும், பனியில் நடக்கும்போதும், அந்த நாலு ஆம்பளைகள் தூங்கும் வீட்டில் ஒண்டியாகப் படுத்திருக்கும்போதும்.

"ஹலோ? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? எழுதிக்கணும்."

செரஃபின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கடை அமைதியானது.

"அவங்க பழைய தாள் உங்ககிட்ட இருக்கா?" என்றார் ஃபோர்துனாத்தோ. "கவுண்டி தாய்சேய் விடுதியில எழுதினது. அதுல வீட்ல பாத்துக்க ஆள் இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கும்."

காகிதம் புரளும் சத்தம். "இருக்கு. உண்டுன்னு போட்டிருக்கு. பேர் எழுதல."

"அந்த ஆள் நான்தான்" என்றார் ஃபோர்துனாத்தோ. "எழுதிக்கங்க. இன்னிக்கே கிளம்பறேன். இப்ப போனை அவங்க காதுல வைங்க."

போன் கைமாறியது. மூச்சு வாங்கும் சத்தம், நடுவில் ஒரு முனகல். வலி வந்து போகிறவரை அவர் காத்திருந்தார். பிறகு அந்த இழுப்பு.

"அய்யா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார். "இருக்கேன். சொல்லுங்க."